சத்தமில்லாத சிம்னி

"சத்தமே வரக்கூடாது. திரும்பத் திரும்பச் சொல்றேன்னு நினைக்காதீங்க. ஓடுதா இல்லையான்னே தெரியக்கூடாது" என்றார் வீட்டுக்காரர்.

சிம்னி மாட்ட வந்திருந்த மெக்கானிக் ஏணியின் நடுப்படியில் நின்றபடி குனிந்து பார்த்தார். புகை போகணும் என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு படியக்கூடாது என்பார்கள். பார்க்க எடுப்பாக இருந்தால் போதும், இழுக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிற புண்ணியவான்களும் உண்டு. சத்தத்துக்காக இப்படி மல்லுக்கட்டுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"காத்தை இழுக்கிற மெஷின் சார். கொஞ்சம் இரையத்தான் செய்யும்."

"இரையாம இருக்க வழி இருக்கா, இல்லையா?"

"இருக்கு. மோட்டாரை மொட்டைமாடியில வெச்சுடலாம். இங்க வெறும் கூடு மட்டும் தொங்கும். என்ன, வேலை ரெண்டு மடங்கு."

"அப்படியே செஞ்சுடுங்க."

"வேண்டாம்."

கேரட் நறுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். "மோட்டார் உள்ளேயே இருக்கட்டும். பழைய சிம்னி எப்படி ஓடுச்சோ, அப்படி ஓடினா போதும்."

"அது லாரி மாதிரி கத்தும். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

"சமைக்கிறது நான்தானே? எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

மெக்கானிக் அளவு டேப்பை இழுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி நடுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவர் என்ன நேற்றா தொழிலுக்கு வந்தார்?

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருந்த சுவரைப் போன வாரம்தான் இடித்திருந்தார்கள். சுவர் நின்ற தடம் தரையில் வெள்ளையாகத் தெரிந்தது. அடுப்பு இப்போது நட்டநடுவே ஒரு புது மேடைக்கு வந்துவிட்டது. ஒட்டிக்கொள்ளச் சுவர் இல்லாததால், சிம்னியைக் கூரையிலிருந்துதான் தொங்கவிட வேண்டும்.

"அடுப்புக்கு மேல முக்கால் மீட்டர் விடணும். குழாய் வளையாம நேரா மேல போகட்டும். புகை ஒரு சோம்பேறிப் பய சார். வளைஞ்சு போன்னு சொன்னா, போகாம வீட்டுக்குள்ளேயே உக்காந்துக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரம்மா காய்ந்த துணிகளை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனார். அவர் போனதை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, வீட்டுக்காரர் ஏணியருகே வந்தார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? எங்களுக்கு ஒரே பொண்ணு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். திரும்பி நாங்க ரெண்டு பேர்தான் வந்தோம்."

மெக்கானிக் ஏணியிலிருந்து இறங்கினார்.

"அதுக்கப்புறம் தினமும் மத்தியானம், சாப்பாடெல்லாம் முடிஞ்ச பிறகும் அந்தச் சிம்னி ஓடிட்டே இருக்கும். அடுப்பே எரியல, அது எதுக்கு ஓடணும்? அவ உள்ள நின்னு அழுறா. எனக்குக் கேட்கக்கூடாதாம்."

"நீங்க போய் ஆறுதலா ரெண்டு வார்த்தை..."

"கதவுவரைக்கும் போவேன். என்ன சொல்றதுன்னு தெரியாம திரும்பிடுவேன். அதான் சுவரையே எடுத்துட்டேன். சத்தமும் இல்லேன்னா, அவ அழுதா எனக்குக் கேட்கும். கேட்டுட்டா என்னால உக்காந்திருக்க முடியாது. எழுந்து போய்த்தான் ஆகணும்."

மெக்கானிக்குக்கு இப்படியும் ஒரு மனிதரா என்றிருந்தது.

"மோட்டார் மாடியிலதான் சார். நான் வெச்சுத் தர்றேன். நீங்க கவலையை விடுங்க."

மோட்டாருக்கு இடம் ஒதுக்க வீட்டுக்காரர் அப்போதே மாடிக்குப் போனார். மேலே பழைய சாமான்களை அவர் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

துணிகளோடு உள்ளே வந்த வீட்டுக்காரம்மா, "உள்ளதானே வைக்கிறீங்க?" என்றார்.

"மாடியிலம்மா. சார் எல்லாத்தையும் சொன்னார்." மெக்கானிக் சற்றுத் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்தையும் மனசுலயே போட்டுப் பூட்டி வெச்சுக்கிட்டுத் தனியா நின்னு அழாதீங்கம்மா. அவர் பக்கத்துலயே உக்காந்து அழுங்க."

"நான் அழுறேன்னா சொன்னார்?"

துணிக்குவியலை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் அக்கம்பக்கம், அக்கா, தங்கச்சி எல்லார்கிட்டயும் அழுது தீர்த்துட்டேங்க. இப்பவும் அழணும்னா அக்காவுக்கு ஒரு போன் போட்டா போதும். அதுக்கு எதுக்கு எனக்குச் சிம்னி? ஒரு நாள் அதை அணைக்க மறந்துட்டுப் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். நடுவுல கரண்ட் போயிடுச்சு. சிம்னி நின்னதும் ஹால்ல விசும்புற சத்தம் கேட்டுது. எனக்குக் கேட்டுடுச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் கூனிக் குறுகிடுவாரேன்னு, கையில இருந்த தட்டை வேணும்னே கீழே போட்டேன். மறுநாள்லேர்ந்து அடுப்பை அணைச்சாலும் சிம்னியை அணைக்கிறதில்ல."

மெக்கானிக் மாடிப்பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணை எடுத்துட்டுப் போனப்பகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷங்க அவர். சுவரையும் இடிச்சுட்டார், இப்போ இந்தச் சத்தமும் போயிட்டா, அவர் எங்க போய்த்தான் அழுவார்?"