காது வைத்த தொப்பி

"உண்மையச் சொல்லு! நீதானடி பிரிச்சே?"

ஹஸீனா மகளின் காதைப் பிடித்துத் திருகினாள். பகல் தொழுகைக்குப் போகும்போது நெற்றி வரைக்கும் பின்னி வைத்திருந்த மஞ்சள் தொப்பி, திரும்பி வந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. இது முதல் தடவையும் இல்லை.

"அல்லா மேல ஆணையா நான் இல்ல உம்மா!"

"பின்னே யாரு? ஜின்னு வந்து பிரிச்சுச்சா?"

பஷீரா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். ஏழு வயசுக்கு அத்தனை அழுத்தம்!

பிரிந்த நூலாவது சிக்குப் பிடித்துக் கிடந்ததா? அதுவும் இல்லை. எட்டுப் போட்டதுபோல் குறுக்கே மாற்றி மாற்றிச் சுற்றி, பொட்டலக் கயிறு மாதிரி அடக்கமாகக் கிடந்தது. செய்கிற அழிச்சாட்டியத்தையும் எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறது பார் சனியன் என்று ஹஸீனாவுக்கு இன்னும் எரிந்தது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன படப் புத்தகத்தால் வந்த வினை. புருஷன் முகைதீனின் மளிகைக் கடைக்கு வந்த ஜப்பான் பீங்கான் பெட்டியில், தட்டு உடையாமலிருக்க வைக்கோலோடு திணித்திருந்தது அது. எழுத்து ஒன்றும் புரியாது. பூனைக்காது வைத்த மஞ்சள் தொப்பி போட்ட ஒரு குட்டிப் பெண் பக்கத்துக்குப் பக்கம் மரம் ஏறுவாள், மீன் பிடிப்பாள், பேயை விரட்டுவாள். பஷீராவுக்கு அவள் மேல் உயிர். அதை வீட்டுக்குத் தூக்கி வந்த மகராசனும் முகைதீன்தான்.

காரைக்காலில் இருக்கும் அக்காதான் முகைதீனை வளர்த்து ஆளாக்கியவள். பிள்ளை இல்லாதவள். "எனக்கு மூத்தது பொண்ணாப் பொறந்தா உங்களுக்குத்தான் லாத்தா" என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த லாத்தா இப்போது ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்கிறாள். நீ இருக்கிற மலாயா சுதந்திரமாகப் போகிறது, அப்புறம் போக வர என்னென்ன சட்டம் வருமோ, இப்போதே பிள்ளையைக் கப்பல் ஏற்று என்கிறாள்.

சேதி தெரிந்ததும் பஷீரா தரையில் புரண்டு அழுதாள். அவளைத் தேற்ற முகைதீன் இன்னொரு வாக்கும் கொடுத்தார்.

"அந்தப் படத்துல இருக்கற மாதிரியே உம்மா உனக்குத் தொப்பி பின்னித் தருவாங்க. அது முடியாம உன்னைக் கப்பல் ஏத்த மாட்டேன். போதுமா?"

பின்னுகிறவள் பாடு யாருக்குத் தெரிகிறது? முடித்தால் பிள்ளை போய்விடும். முடிக்காவிட்டால், பெற்றவள்தான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று பழி வரும். ஹஸீனா ஒருநாள் துணிந்து வாயைத் திறந்தும் பார்த்தாள்.

"பச்சப் புள்ளைங்க. எப்படிங்க விட்டுட்டு இருப்பேன்? வேணாம்னு ஒரு சொல்லு சொல்லிடுங்களேன்."

"குடுத்த வாக்க விழுங்கச் சொல்றியா? பாசார்ல போய்க் கேட்டுப் பாரு, முகைதீன் சொல்லு மாறுவானான்னு! இந்தக் காஜா பெராங் ஊரு முழுக்கக் காறித் துப்பும்."

ஒரே வெட்டு. அதற்கு மேல் அவள் என்ன செய்வாள், பாவம்! கொக்கி ஊசியை எடுத்தாள். பின்னினாள், அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பின்னினாள்.

ஒரு கப்பல் போயிற்று. அடுத்த கப்பலும் போயிற்று. முன்பெல்லாம் பகல் சோறு டிபன் கேரியரில் கடைக்குப் போகும். இப்போது தொப்பி எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கவே முகைதீன் தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். வந்ததும் ஒரே கேள்விதான்.

"இன்னுமா முடியல?"

"புள்ள பிரிச்சுப் பிரிச்சுப் போடுதுங்க."

"கண்டிச்சு வை" என்பார். அதோடு சரி.

கடைசியில் ஹஸீனா ஒரு முடிவுக்கு வந்தாள். பிள்ளை போகத்தான் போகிறது, தலையெழுத்து. ஆனால் இந்தப் பழியை நான் ஏன் சுமக்க வேண்டும்? இவளைக் கையும் களவுமாகப் பிடித்து, புருஷன் முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

அன்று வெள்ளென எழுந்து உட்கார்ந்து விடாமல் பின்னினாள். பகலுக்குள் ஒரு காது வந்துவிட்டது. இன்னொரு காதுதான் பாக்கி. முகைதீன் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்.

"இன்னிக்கு முடிஞ்சிருமா? டிக்கெட்டுக்குச் சொல்லணும்" என்றார், முகட்டைப் பார்த்தபடி.

"முடிஞ்சிரும்" என்றாள்.

தொப்பியைக் கூடத்துப் பலகைமேல் வைத்தாள். காலையில்தான் அவளுக்கு மாதவிலக்கு வந்திருந்தது, அந்த நாட்களில் தொழுகை கிடையாது. அதை வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

"நான் தொழுதுட்டு வர்றேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, உள் அறைக்குப் போனாள். வாசல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கொலுசுச் சத்தம் மெல்ல மெல்ல வந்தது. வாடி வா! மாட்டினாயா? ஹஸீனா திரையின் ஓரத்தைப் பிடித்தாள்.

ஆனால் கொலுசு பலகைப் பக்கம் போகவில்லை. திரைக்கு அந்தப் புறம், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. காவலுக்கு நிற்கிறவள்போல நின்ற பஷீரா, கூடத்துப் பக்கம் திரும்பிக் குசுகுசுவென்று சொன்னாள்:

"சீக்கிரம் பிரிங்க வாப்பா, உம்மா தொழுது முடிச்சிரப் போறாங்க!"