ஏழாவது முறை உட்கார்ந்தபோது

கோடை மேய்ச்சலுக்கு மலையேறும் வழியில் கலீமா ஆறாவது முறையாக உட்கார்ந்தாள். மகன் குதிரைகளையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு முன்னே போய்விட்டான்.

"முட்டி வலிக்குதுங்க."

"பேசாம கீழயே இருந்திருக்கலாம்ல?" என்றான் அவள் கணவன் எசென்.

"மேல உங்கப்பனா வந்து பால் கறப்பாரு?"

எசென் சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான். முட்டியாவது வலியாவது, எல்லாம் தனக்காகத்தான் என்று அவனுக்குத் தெரியும்.

போன வாரம் இருவருக்கும் பரிசோதனை நடந்தது. பட்டணத்திலிருந்து வந்த புது டாக்டர் கலீமாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு. மேடு ஏறினா ரத்தம் பத்தாம நெஞ்சு வலிக்கும். உடனே உட்கார்ந்து மாத்திரை போட்டுடணும்." எசென் கதவோரம் நின்று கேட்டுவிட்டான். அந்த ஊர்ப்பக்கத்தில் நோயை வீட்டாரிடம்தான் சொல்வார்கள், நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். ஆகவே சுருங்கியது தன் குழாய்தான் என்று முடிவுகட்டினான்.

கலீமா திரும்பிக்கொண்டு எதையோ வாயில் போட்டாள்.

"காய்ஞ்ச தயிர் உருண்டையா? எனக்கும் ஒண்ணு குடு."

"தீந்துபோச்சு."

கணவாய்க்குச் சற்றுக் கீழே அவள் ஏழாவது முறையாக உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தாள்.

"போதும்டி நடிப்பு. டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல, எந்திரி."

அவள் முகம் சாம்பலாகியிருந்தது. தனக்காக அவள் வைத்திருக்கும் மாத்திரையை அவளுக்காவது கொடுக்கலாமென்று அவள் பையைத் துழாவினான்.

காலிப் புட்டிதான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த சீட்டில் டாக்டரின் கையெழுத்தில் கலீமாவின் பெயர்.