ஒரு முடிகூட இல்லை

"இன்னும் எத்தனை தடவைதான் ஓட்டுவே? தரை தேஞ்சு கீழ் வீட்டுக்காரர் வழுக்கை தெரியப்போகுது!"

கையில் நாய்ச் சங்கிலியோடு வாசலில் நின்று கிண்டலடித்தார் பஸ் டிரைவர். அவர் மனைவி தையல்காரம்மா வேக்குவம் கிளீனரை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சா தெரியட்டும். முதல்ல பஞ்சுவைக் கூட்டிட்டுக் கிளம்புங்க. மணி மூணே முக்கால். நான் போன் பண்ற வரைக்கும் ரெண்டு பேரும் இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டக் கூடாது."

பஞ்சு, பெயருக்கேற்ற வெள்ளை நாய். நடந்தால் முடி, படுத்தால் முடி, சந்தோஷத்தில் உடம்பை உதறினால் வீடு முழுக்க முடி. விலங்குகள் காப்பகத்திலிருந்து அதைக் கூட்டி வந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், நிரந்தரமாகத் தருவதைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம் என்பதுதான் பேச்சு. நேற்று அங்கிருந்து போன் வந்தது. இன்று நாலு மணிக்கு ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் கையெழுத்துப் போடுவார். அந்த நேரத்தில் நாய் வீட்டில் இருக்கக் கூடாது.

அப்போதிலிருந்து தையல்காரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முன்பிருந்த வீட்டில் யாருக்கோ முடி ஒத்துக்கொள்ளாமல்தான் பஞ்சுவைக் காப்பகத்தில் விட்டார்களாம். அப்படியானால் வருகிறவர் வேறு எதைத் தேடப் போகிறார்? ஒரு முடி கண்ணில் பட்டாலும் பஞ்சு கைவிட்டுப் போய்விடும்.

ரப்பர் கையுறையை நனைத்துச் சோபாவைத் தேய்த்து, ஒட்டியிருந்ததையெல்லாம் திரட்டினாள். தரையை நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை ஓட்டினாள். கட்டிலுக்கடியில் ஒல்லிக் குழாயை நுழைத்தாள். உருளை பிரஷில் சுற்றிக்கொண்ட முடியைத் துணி வெட்டும் கத்தரியாலேயே வெட்டி எடுத்தாள். அதே காரியத்தை டிரைவர் செய்திருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும்.

சரியாக நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். முகத்தில் மாஸ்க்.

'வாசல்லயே மாஸ்க்கா! லேசுப்பட்ட ஆள் இல்லை' என்று நினைத்துக்கொண்டாள் தையல்காரம்மா.

"வாங்க மேடம், உட்காருங்க."

"முதல்ல வீட்டைப் பார்த்துடறேனே."

சோபாவைத் தடவிப் பார்த்தார். திண்டைத் தூக்கிப் பார்த்தார். திரைச்சீலையின் கீழ் ஓரத்தைத் திருப்பினார். தையல் மெஷினுக்கடியில் மண்டியிட்டே பார்த்துவிட்டார்.

"ஒண்ணுகூட இல்லையே!"

பாராட்டா, குறையா? குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தினம் ரெண்டு வேளை வேக்குவம் ஓட்டறேங்க."

"அந்தச் சத்தத்துக்குப் பயப்படலையா?"

"முதல் நாள் குளியலறைக்குள்ள போய் ஒளிஞ்சிடுச்சு. அப்புறம் மெஷினை ஓட்டாமலே கூடத்துல நிறுத்தி, அது மேல ரெண்டு பிஸ்கட் வச்சேன். நாலாம் நாள் தானா வந்துச்சு. இப்போ நான் ஓட்ட ஓட்டப் பின்னாலயே நடக்குது. நான் எடுத்த இடத்துல புதுசா கொட்டிட்டே வரும்!"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எங்கே படுக்கும்?"

"பால்கனியில..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. "எனக்குப் பொய் வராதுங்க. நான் தைக்கிறப்போ என் இடது கால் மேல தலை வச்சுத் தூங்கும். கால் மரத்துப்போனாலும் நகர்த்த மாட்டேன்."

அந்த அம்மாள் மெஷின் முன்னால் இருந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். தையல்காரம்மாவே தொடர்ந்தாள்.

"கை நீட்டினா கை கொடுக்குதுங்க. தட்டு வச்சாலும் 'ம்' சொன்னாத்தான் வாய் வைக்குது. யாரோ புண்ணியவான் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்திருக்காங்க. மனசைக் கல்லாக்கிட்டுத்தான் விட்டிருப்பாங்க. அவங்க எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்னு தினம் கும்பிட்டுக்கறேன்."

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி திரும்பியபோது அவர் பார்வை தையல்காரம்மாவின் தோளில் குத்திட்டு நின்றது.

அங்கே ஒரு வெள்ளை முடி!

"அது... அது நூலுங்க!"

"நூல் இல்லை."

இரண்டு விரலால் அதை எடுத்து, காகிதத்தில் மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டார். போச்சு, அத்தாட்சியோடு மாட்டிக்கொண்டோம் என்று தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேடம், இன்னும் நாலு வேளை வேணும்னாலும் ஓட்டறேன். அதை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

"அழாதீங்கம்மா. எனக்குத் திருப்தி." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "ரொம்ப நன்றி."

"ஐயோ, நான்தாங்க சொல்லணும்! ஒரு நிமிஷம் இருங்க, பஞ்சு வந்துடும். பார்த்துட்டே போகலாம்."

"வேண்டாம்!" என்றவர், பதில்கூட எதிர்பார்க்காமல் மளமளவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

போன் செய்ததும் டிரைவர் வந்தார். உள்ளே நுழைந்த பஞ்சு அவர் கையிலிருந்த சங்கிலியை உதறிக்கொண்டு கூடம் முழுக்க மோப்பம் பிடித்து ஓடியது.

"ஆபீசர் அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க! மகராசி, தங்கமான மனசு!" என்று படிவத்தை ஆட்டினாள் தையல்காரம்மா.

வாங்கிப் படித்த டிரைவர் முகம் மாறியது. காப்பகத்தின் முத்திரையும் அதிகாரியின் கையெழுத்தும் நேற்றைய தேதியிலேயே இருந்தன. அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டிருந்த இடத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தது: 'நாயை ஒப்படைத்த முந்தைய உரிமையாளர்.'