அளவு மீறிய வயல்

"திறக்காதீர்கள்! உரம் அளவைத் தாண்டிவிட்டது!" வயல் மதகிலிருந்த கருவி அலறியது.

பவளக்கொடி திகைத்தாள். காலையில்தான் யூரியா தூவியிருந்தாள். மதியமே மழை கொட்டிவிட்டது. மதகைத் திறந்தால் உரத்தண்ணீர் கழிமுகத்தில் கலக்கும். ஒரு வயல் இந்த அளவை மீறித் தண்ணீரை வடித்தாலும், உரத்தை வடிகட்டும் நாணல் குளங்கள் வெட்ட முப்பது ஊர்களுக்குக் கிடைக்கும் நிதி மொத்தமும் ரத்து. திறக்காவிட்டால் அவள் நெல் அழுகும்.

கழிமுகத்தில் மீன் பிடிக்கும் லூர்தம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"போன வருசம் செத்த மீனைக் கூடை கூடையா வாரினேனே, மறந்துட்டியா? மதகைத் தொட்டே, கையை ஒடிப்பேன்டி!"

"கத்தாதக்கா. திறக்க மாட்டேன்."

"அப்போ பயிரு?"

"போகட்டும்."

தண்ணீர் பயிரின் நுனியைத் தொட்டது. பவளக்கொடி மதகின் கைப்பிடியைக் கழற்றி நீட்டினாள்.

"இதைக் கொண்டு போயிடுக்கா. பயிர் மூழ்குறதைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது."