பிளேடில் குங்குமம்

விஜயதசமி காலையில், கார்வேந்தன் வீட்டிலேயே கட்டிய குட்டி விமானம் உறுமியதே தவிர ஓர் அடி நகரவில்லை. புரொப்பல்லர் பிளேடுகள் காற்றைப் பிடிக்கும் கோணத்துக்குத் திரும்பவே மறுத்தன. இன்ஜினை அணைத்துவிட்டு, கோணத்தைத் திருப்பும் மோட்டாரைக் கழற்றிப் பார்த்து மாட்டினான், வயரை மாற்றினான், மோட்டாரைச் செய்தவனின் ஏழு தலைமுறையையும் திட்டினான். கடைசியில்தான் விமானத்தின் பேசும் கட்டுப்பாட்டுப் பெட்டியிடமே கேட்கத் தோன்றியது.

“பிளேடுல ரத்தம் இருக்குதுங்க. அதான் பூட்டிட்டேன்,” என்றது பெட்டி. “கிட்ட வர்றது கார்வேந்தன் ஒருத்தர்தான். அதனால செத்துப்போனது அவர்தான்னு சொந்தக்காரங்களுக்கு நேத்தே சொல்லிட்டேன். இப்பப் பேசறது யாருங்க?”

ஆயுத பூஜைக்கு மனைவி மேகலா வைத்த குங்குமம் அது. கார்வேந்தன் லுங்கியால் துடைத்ததும் பிளேடுகள் சாதுவாகத் திரும்பின.

அதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. ரோஜா மாலையோடு இறங்கிய மாமனார் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“முழுசா இருக்கீங்களே மாப்ள,” என்றார், ஏமாற்றத்தை மறைக்காமல். “ராத்திரி சமையலைப் பாதியில விட்டுட்டு வந்தோம். இந்த மாலையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுங்க.”

சொல்லிக்கொண்டே அதைப் புரொப்பல்லரில் மாட்டினார். சிவந்த இதழ்கள் பிளேடில் ஒட்டின.

“ரெண்டாவது ஆளுங்க,” என்றது பெட்டி. “மாமனார்னு சொல்லிரட்டுங்களா?”