பிரிக்காத உறை

நீதிபதி அந்தப் பழுப்பு உறையைக் கையில் எடுத்ததும் முத்திரைக்காரரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

உறைக்குள் அவருடைய ஏழு மாதங்கள் இருந்தன. எந்த நாளில், எந்தத் தெருவில், எத்தனை மணி நேரம் அவருடைய போன் இருந்தது என்ற பட்டியல்.

கடைகளில் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் அதிகாரியாக முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றும் முத்திரைக்காரர் என்ற பெயர் அவரை விடவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நகைக்கடையில் திருட்டு. அன்று பிற்பகல் அந்த வட்டாரத்தில் இருந்த போன்களின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். பல் பிடுங்க வந்தேன், துணி எடுக்க வந்தேன் என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

இவர் மட்டும், சொல்ல முடியாது என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நீதிபதியின் அனுமதி இல்லாமல், போன் கம்பெனிக்கு ஒரே ஒரு கடிதம் போட்டு ஏழு மாதத்தையும் வாங்கிவிட்டார். மறுவாரமே திருடன் பிடிபட்டான். பட்டியலை மட்டும் இன்ஸ்பெக்டர் விடவில்லை.

அதை அழிக்கச் சொல்லித்தான் இந்த வழக்கு.

"எங்க போனீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதே, மாமா. கண்ணு காது மூக்கு வெச்சுப் பேசுறாங்க" என்று மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டில், இந்த வயதில் இன்னொரு குடித்தனமா என்று சிரித்தார்களாம். மனைவி ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

குடும்பம் முழுவதும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது.

கடைசி வரிசையில் அவருடைய தம்பி.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கல்யாணச் சபையில், அத்தனை உறவுக்காரர்களும் பார்க்க, அண்ணனை எதிர்த்துப் பேசியவன். அன்றே அவர் சொல்லிவிட்டார்: அவன் வாசல்படியை மிதிப்பவர் யாரும் என் வாசல்படியை மிதிக்கக் கூடாது. மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகைகூடப் போகவில்லை.

"வேடிக்கை பாக்க வந்துட்டாரு" என்று மகன் பல்லைக் கடித்தான்.

அரசு வக்கீல் எழுந்தார். "மறைக்க ஒண்ணுமில்லைன்னா முதல் பக்கத்தையாவது வாசிக்கலாமே?"

நீதிபதியின் விரல் உறையின் ஓரத்தில் நின்றது.

முத்திரைக்காரர் எழுந்து நின்றார்.

"முப்பத்து நாலு வருஷம், கையில உத்தரவு இல்லாம ஒரு பெட்டிக்கடைக்குள்ளகூட நான் சோதனைக்குப் போனதில்லைங்க, ஐயா. உள்ள இருக்கறது கள்ளத் தராசுன்னு தெரிஞ்சும் வாசல்லயே நின்னுருக்கேன். எனக்கும் ஒரு வாசல் உண்டு."



நீதிபதி உறையைப் பிரிக்காமல் கீழே வைத்தார்.

போன் வைத்திருப்பதால் ஒருவர் தன் நடமாட்டத்தைப் போலீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக அர்த்தமில்லை என்றார். நகல் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்றார். உறையை அங்கேயே, அப்போதே அழிக்கச் சொன்னார்.

எழுத்தர் அதைக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தின் வாயில் கொடுத்தார். ஏழு மாதமும் நூல் நூலாகக் கூடைக்குள் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியேறினார்.

"ஜெயிச்சுட்டீங்கப்பா!" மகன் அவர் கையைப் பிடித்து உலுக்கினான். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து கும்பிட்டார்கள். அவர் நிமிர்ந்த தலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார்.

எதிரே தம்பி.

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முத்திரைக்காரர் அந்நியனுக்கு ஒதுங்குவதுபோல் சுவரோரம் ஒதுங்கினார். தம்பியும் சுவரைப் பார்த்தபடியே கடந்தான். உரசிப் போகும்போது உதடு மட்டும் அசைந்தது.

"இந்தப் புதன்கிழமையாவது வாண்ணா. அஞ்சு மாசமா செஸ் பலகையில உன் ராஜா மாட்டிக்கிட்டு நிக்கிறான். நான் ஒரு காயைக்கூடத் தொடல."

முத்திரைக்காரர் மேல்கூரையைப் பார்த்தார்.

"போனோடயே வர்றேன்டா."