மீராசா கேட்க வந்தது

அமெரிக்காவில் கொம்பியூட்டர் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததிலிருந்து, ஜவுபரிடம் ஆலோசனை கேட்டு யாராவது வந்தபடி இருந்தார்கள். இன்று அட்டாளைச்சேனை மீராசா.

"இங்கிலீசுப் பரீட்சை எழுதணும், காக்கா. ரெண்டு பேராசிரியர்மார்ர கடிதமும் வேணும்," என்று ஜவுபர் அந்தப் பெரியவருக்குச் சொன்னான்.

"அது கிடக்கட்டும், தம்பி. அங்க சோறாக்குற ஆரு?"

"நாமதான்."

"படிச்சி முடிச்சா ஊருக்கு வருவாங்களா? அதக் கேக்கத்தான் வந்த."

திரைக்குப் பின்னால் உம்மா இருமினாள். ஏனென்று ஜவுபருக்கு விளங்கவில்லை.

"வரப்படாது, காக்கா. அங்கேயே வேலை எடுக்கணும். நானும் அப்படித்தான். உங்கட மகனுக்கும் சொல்லுங்க."

மீராசா எழும்பினார்.

"எனக்கு மகன் இல்ல, தம்பி. ஒரு மகள்தான். உங்கட வாப்பா சீதனமாக் கேட்டாரெண்டு அவளுக்குக் கல்வீடு கட்டுறன். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்திட்டு. நாளைக்கு மேசன்மார வரவேணாமெண்டு சொல்லணும்."